ஆக்சிஜன் சென்சார் கோடு வந்தால்: விடுவதா, கழுவுவதா, மாற்றுவதா, எதை வாங்குவது?

"செக் எஞ்சின் லைட் எரியுது. ஸ்கேன் பண்ணா ஆக்சிஜன் சென்சார்னு வருது. மாத்திடவா, இல்ல கழட்டிக் கழுவிப் போட்டா ஓடுமா?" பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து சொல்வதுதான் இந்த சென்சார். ஸ்கேன் கருவி காட்டும் பழுது எண்ணைத்தான் கோடு (code) என்கிறோம். சிலர் அடுத்த படியில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். கார் கம்பெனி பெட்டியில் வருவதா, வெளியே கிடைப்பதா, ஒயரை வெட்டி இணைக்கிற யுனிவர்சலா என்று மூன்றுக்கும் நடுவில் நிற்பார்கள்.

நான் ஒருமுறை இதில் காசை விட்டவன். விளக்கு எரிந்தது, மெக்கானிக் கருவியைச் செருகிப் பார்த்தார், "சென்சார் போயிடுச்சு சார்" என்றார், புதுசு போட்டோம். நான்காவது நாள் அதே விளக்கு. அப்புறம்தான் வந்த கோடு என்னவென்று நானே படித்தேன். பி0171. அதற்கு அர்த்தம் "கலவை லீனாக இருக்கிறது", அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்பதுதான். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. மறுநாள் காலை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பானெட்டைத் தூக்கிக் குனிந்தேன். டிக், டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. எஞ்சின் சூடேறி உலோகம் விரிந்ததும் சத்தம் நின்றுவிட்டது. அதனால்தான் அதுவரை யார் காதிலும் விழவில்லை. பழைய சென்சார் சொன்னதையேதான் புது சென்சாரும் சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால், எந்த சென்சார் வாங்குவது என்பதைவிட, சென்சார்தானா என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பின்னால் வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஐந்தை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

- பழுது சென்சாரில்தான் என்று நிரூபணம் ஆகிவிட்டதா?
- கெட்டது முன் சென்சாரா, பின் சென்சாரா? புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிறது. பின்னால் இருப்பது பெரும்பாலும் கன்வர்ட்டரை வேவு பார்க்க மட்டும். அவசரம் இரண்டுக்கும் ஒன்றல்ல.
- என்ன வகை? முனை சிர்கோனியா பீங்கானா, டைட்டானியா பீங்கானா, இல்லை வேறு விதமாக அளக்கும் வைட்பேண்டா (வித்தியாசம் பின்னால் வரும்), எத்தனை ஒயர்?
- காரை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள்?
- சென்சாரின் மரை எந்த நிலையில் இருக்கிறது? துருப்பிடித்து இறுகியிருந்தால் செலவுக் கணக்கு மொத்தமாக மாறும்.

விலையை இதில் தனியாகச் சேர்க்கவில்லை. சென்சாரின் விலை கண்ணுக்குத் தெரியும். தவறான முடிவின் விலை ஆறு மாதம் கழித்து கேட்டலிடிக் கன்வர்ட்டர் உருவத்தில் வரும், அது பல மடங்கு.

## சென்சார் பார்ப்பது என்ன

1976-ல் வோல்வோ 240 வரிசையில் போஷ் தயாரித்த ஆக்சிஜன் சென்சார் (லாம்ப்டா சென்சார் என்றும் பெயர்) முதன்முதலாக வந்தது. இன்றைக்கும் பழைய கார்களில் பெரும்பாலும் அதே தத்துவம்தான். முனையில் சிர்கோனியா பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரண்டு பக்கத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக மாறுகிறது. எடைக்கு எடை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது சமநிலை. அதைவிடப் பெட்ரோல் கூடினால், அதாவது ரிச்சானால், 0.8, 0.9 வோல்ட். காற்று கூடினால், அதாவது லீனானால், 0.1 வோல்ட் பக்கம். நடுக்கோடு 0.45.

கவனிக்க வேண்டியது ஒன்று. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. ஒரு பிளக் சரியாகத் தீப்பொறி விடாவிட்டால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் அதை "லீன்" என்று சொல்லும். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு இன்னும் பெட்ரோலை ஊற்றும். சென்சார் பொய் சொல்லவில்லை, ஆனால் கார் புகை கக்குகிறது. மேனிஃபோல்டில் கசிவு இருந்தாலும் இதே கதைதான். புகைத் துடிப்புகளுக்கு இடையில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும்.

## கண்டுபிடிக்க மூன்று வழிகள்

### கோடு மட்டும் படிப்பது

விலை குறைந்த கருவி போதும், இரண்டு நிமிட வேலை. அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஸ்கேன் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட் கட்டாயம். அதற்கும் முந்தைய கார் என்றால் விளக்கு சிமிட்டுவதை எண்ணித்தான் கோடு எடுக்க வேண்டியிருக்கும்.

சில கோடுகளுக்கு இந்த வழியே ஓரளவு போதும். முன் சென்சாரின் முனையைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டைக் குறிப்பது பி0135, பின் சென்சாரின் ஹீட்டருக்கு பி0141. இவை வந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து கனெக்டரைக் கழட்டி, சென்சார் பக்கத்தில் ஹீட்டர் ஒயர்கள் இரண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளவுங்கள். பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும் ஜோடி ஒயர்கள்தான் ஹீட்டர். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும், மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம்.

பி0133, அதாவது மெதுவாக வேலை செய்கிறது என்ற கோடும், பி0134, அதாவது அசைவே இல்லை என்ற கோடும் சென்சாரை நோக்கிக் கை நீட்டுகின்றன. ஆனால் கசிவும் அறுந்த ஒயரும் இதே கோடுகளைத் தரும். பி0171 (லீன்), பி0172 (ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்), பி0420 (கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) மூன்றில் எதையாவது வைத்து சென்சார் வாங்கப் போகிறவர், நான் போட்ட காசையே மறுபடி போடப் போகிறார்.

### மல்டிமீட்டர்

சிர்கோனியா சென்சார் இருக்கும் பழைய காருக்கு என் ஓட்டு இதற்குத்தான். சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். உள் மின்தடை 10 மெகாஓம் இருக்க வேண்டும், பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களில் இருக்கும். பழைய முள் மீட்டர் வேண்டாம், அது சென்சாரின் சன்னமான மின்சாரத்தை இழுத்து அளவைக் கெடுத்துவிடும்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். கனெக்டரைக் கழட்டாமல், சிக்னல் ஒயர் நுழையும் பின்பக்கமாக மெல்லிய ஊசி ஒன்றைச் செருகுங்கள். ஒயரின் தோலைக் குத்திக் கிழிக்க வேண்டாம். 2000 - 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் எண் 0.2-க்கும் 0.8-க்கும் நடுவில் துள்ள வேண்டும், நொடிக்கு ஒருமுறையாவது நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். மீட்டரின் திரை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் தடுமாறும். அதுவே நல்ல அறிகுறி.

துள்ளவில்லையா? உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துவிட்டுப் பாருங்கள், 0.8 தாண்டுகிறதா? காலை எடுத்ததும் 0.1 பக்கம் விழுகிறதா? எஞ்சின் காற்று உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் ஒரு வேக்யூம் ஹோஸைக் கழட்டினால் கீழே இறங்குகிறதா? மூன்றுக்கும் உடனுக்குடன் ஆட்டம் தெரிந்தால் சென்சார் நல்லது. அது நிஜமாகவே லீனாகவோ ரிச்சாகவோ இருக்கும் புகையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்தாலும் 0.45-ல் உறைந்து நின்றால் முனை சூடாகவில்லை, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சென்சார் செத்துவிட்டது. சோம்பேறித்தனமாக, இரண்டு மூன்று நொடி யோசித்து ஏறி இறங்கினால் வயதாகிவிட்டது என்று பொருள்.

இந்த வழிக்குக் குறை உண்டு. வைட்பேண்ட் சென்சாரில் இது எதுவும் செல்லாது, அங்கே ஈசியு ஒரு பம்ப் மின்னோட்டத்தை அளக்கிறது. டைட்டானியா வகை தானாக மின்னழுத்தம் தருவதில்லை, ரெசிஸ்டன்ஸ்தான் மாறும். சில பழைய நிஸ்ஸான், ஜீப் மாடல்களில் இதைப் பார்க்கலாம்.

### லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர்

வோல்டேஜோடு ஃபியூயல் டிரிம்மும் தெரியும். பெட்ரோலை ஈசியு எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்ற கணக்கு அது. பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐடிலிங்கில் பெரிதாகக் கூடியிருந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் வேக்யூம் கசிவைத் தேடுங்கள். எல்லா வேகத்திலும் கூடியிருந்தால் ஃபியூயல் பிரஷர், ஏர் ஃப்ளோ சென்சார், ஆக்சிஜன் சென்சார் மூன்றும் சந்தேகப் பட்டியலில்.

இதோடு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்கள். சென்சார் "லீன்" என்று கத்துகிறது, பிளக் முனையோ ரிச்சுக்கு அடையாளமான கரியோடு இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். மேனிஃபோல்டில் கசிவு இல்லை, பிளக் தீப்பொறி தவறும் மிஸ்ஃபையரும் இல்லை என்று உறுதியான பிறகும் இந்த முரண்பாடு நீடித்தால், அப்போது சென்சாரைத் தாராளமாகக் குற்றம் சொல்லலாம்.

## வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தால்

### அப்படியே ஓட்டுவது

பின் சென்சார் மட்டும் கெட்டிருந்தால், வேறு வேலைக்காக வண்டி லிஃப்டில் ஏறும் நாள் வரை காத்திருக்கலாம். புகைப் பரிசோதனை வரும் மாதம் என்றால் அதுவும் முடியாது. இன்னொரு மறைமுகச் செலவு, விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் புதிதாக வேறு கோடு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

முன் சென்சாரை அப்படி விடாதீர்கள். ஆக்சிஜன் சென்சார் போன்ற பெரிய பழுதைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனப் பக்கங்கள் சொல்கின்றன. அது உச்ச வரம்பு. எல்லாக் காரிலும் அவ்வளவு இருக்காது. ஆனால் ரிச்சாக ஓடும் எஞ்சின் எரியாத பெட்ரோலைக் கன்வர்ட்டருக்குள் அனுப்புகிறது, அது அங்கே போய் எரிகிறது, உள்ளிருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் உருகுகிறது. எனக்குப் பயம் மைலேஜைவிட இதில்தான்.

### கழுவிப் போடுவது

பெட்ரோலில் ஊறவைப்பது, கேஸ் அடுப்புச் சுடரில் காட்டுவது, கம்பி பிரஷால் தேய்ப்பது என்று ஆளுக்கொரு வைத்தியம். வெறும் கரி படிந்திருந்தால், எஞ்சின் கோளாறைச் சரிசெய்த பிறகு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினாலே அது எரிந்து போய்விடும், கழட்டவே வேண்டாம். சிலிக்கான், ஈயம், எண்ணெய்ச் சாம்பல் படிந்திருந்தால் எந்தக் கழுவலாலும் அது போகாது. வயதானால் வருகிற மந்தமும் போகாது. ஆக, கழுவல் வேலை செய்கிற ஒரே இடத்தில் அது தேவையே இல்லை. கழட்டும்போது மரை போனால் அந்தச் செலவு வேறு.

### கழட்டி விற்கும் பழைய சென்சார்

வேண்டாம். தேய்ந்து தீர்வதுதான் இந்தப் பொருளின் இயல்பு. ஹீட்டர் இல்லாத பழைய ஒற்றை ஒயர் வகைக்கு 50,000 முதல் 80,000 கிலோமீட்டர், ஹீட்டர் உள்ளதற்கு ஒரு லட்சம், பிந்தைய தட்டை வகைக்கு 1,60,000 என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். கீழே விழுந்த சென்சாரின் பீங்கானுக்குள் விரிசல் விட்டிருந்தாலும் வெளியே தெரியாது. உற்பத்தியே நின்றுபோன அபூர்வக் காராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

### யுனிவர்சல் சென்சார்

சென்சார் புதுசு, கனெக்டர் மட்டும் இருக்காது. பழையதன் கனெக்டரை வெட்டி இணைக்க வேண்டும். விலையில் மிச்சம் தெரியும். பெரிய தயாரிப்பாளர்களின் யுனிவர்சலில் சென்சார் தரம் குறைச்சல் இல்லை. சிக்கல் முழுக்க அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

பல வடிவமைப்புகளில் சென்சாருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. சால்டரிங் வைத்தால் அந்த வழி அடைபடும். சென்சார் புதுசாக இருந்தும் அளவு மெல்ல மெல்லத் தவறும். அதனால் கிரிம்ப், அதாவது கருவியால் அமுக்கி இணைப்பது மட்டும். கனெக்டருக்குள் கிரீஸும் ஸ்பிரேயும் போடக்கூடாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நிறங்கள் மாறும், நிறத்தை நிறத்தோடு பொருத்தினால் ஹீட்டர் 12 வோல்ட் சிக்னல் ஒயரில் ஏறும் ஆபத்து உண்டு. அப்படி ஏறினால் ஈசியு பில் வரும்.

கனெக்டரோடு வரும் சென்சார் உங்கள் காருக்குக் கிடைக்கவில்லை, கிரிம்ப் கருவி கையில் இருக்கிறது, ஒயர் வரைபடமும் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

### அதே தயாரிப்பாளரின், கனெக்டரோடு வரும் சென்சார்

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் இதுதான். கார் கம்பெனிகள் சென்சாரைத் தாங்களே செய்வதில்லை. போஷ், டென்சோ, என்டிகே போன்றவர்களிடம்தான் வாங்குகிறார்கள். பழைய சென்சாரின் உடம்பில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும், ஒரு துணியால் துடைத்தால் தெரியும். அந்த எண்ணை வைத்து அதே தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் தேடுங்கள். ஒயர் நீளம், கனெக்டர், ரப்பர் வளையம் எல்லாம் அப்படியே பொருந்தும்.

இதில் ஒளிந்திருப்பது போலிப் பெட்டி. நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாதீர்கள். தயாரிப்பாளரை மாற்றினாலும் வகையை மாற்றக்கூடாது. சிர்கோனியா இருந்த இடத்தில் வைட்பேண்ட் போட்டால் "மேம்பட்டது" என்று ஈசியு எடுத்துக்கொள்ளாது, அதற்கு அந்த மொழியே தெரியாது.

### கார் கம்பெனி பெட்டி

பல நேரம் மேலே சொன்ன அதே சென்சார்தான், பெட்டி மட்டும் வேறு. கூடுதல் பணத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது பொருத்தம் பற்றிய நிச்சயம். ஒரே மாடலில் நடுவில் சென்சார் வகை மாறியிருந்தாலோ, வண்டியில் வைட்பேண்ட் இருந்தாலோ, முன்னால் வைத்திருந்தவர் ஏற்கெனவே தப்பான சென்சாரைப் போட்டு எண்ணே நம்ப முடியாததாகிவிட்டாலோ, அந்த நிச்சயத்துக்குப் பணம் கொடுக்கலாம். மற்றபடி எனக்குத் தேவைப்பட்டதில்லை.

| வழி | எப்போது சரி | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|
| அப்படியே விடுவது | பின் சென்சார் மட்டும். காரை விற்கும் தறுவாய் | முன் சென்சார் என்றால் கன்வர்ட்டர் |
| கழுவுவது | கிட்டத்தட்ட எப்போதும் இல்லை | கழட்டும்போது மரை, வீணான நாள் |
| பழைய உதிரி | வேறு எங்குமே கிடைக்காத மாடல் | இரண்டாம் முறை கூலி |
| யுனிவர்சல் | கிரிம்ப் கருவியும் வரைபடமும் இருந்தால் | தவறான இணைப்பு, ஈசியு |
| அதே தயாரிப்பாளர், கனெக்டரோடு | பெரும்பாலும் | போலிப் பெட்டி |
| கார் கம்பெனி பெட்டி | வைட்பேண்ட், குழப்பமான மாடல் | பெட்டிக்கான பணம் |

## நீங்களே கழட்டுவதா, மெக்கானிக்கிடமா

மரை எம்18×1.5, ஸ்பேனர் 22 மி.மீ. ஒயர் நுழைய வெட்டுள்ள சாக்கெட் கிடைக்கும். அது ஓரளவு வாய் விரியும். இறுகிய சென்சாரில் நழுவி முனைகளை உருட்டிவிடும். பழையதை எப்படியும் தூக்கிப் போடப்போகிறீர்கள் என்றால் ஒயரை வெட்டிவிட்டு முழு ரிங் ஸ்பேனரைப் போடுங்கள், பிடி வேறு மாதிரி இருக்கும். யுனிவர்சல் போடுகிறவர்கள் மட்டும் கனெக்டர் பக்கம் போதிய ஒயர் விட்டு வெட்ட வேண்டும்.

முந்தின இரவே மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழட்டுங்கள். கால் சுற்று வந்ததும் நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். மறுபடி உள்ளே முடுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. இப்படி நாலைந்து முறை போனால் வந்துவிடும். அசையவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மேனிஃபோல்டில் மரை பிய்ந்து வந்தால் அதைச் சரிசெய்யும் கூலி சென்சாரின் விலையைத் தாண்டும். சுடர் வைத்துச் சூடாக்கிக் கழட்டுவதை அந்த வேலை பழகியவர்களிடம் விட்டுவிடலாம், பக்கத்தில் பெட்ரோல் லைன் போகிறது.

புதியதன் மரையில் பசை தடவியே வரும். வரவில்லை என்றால் சென்சாருக்கு ஏற்ற ஆண்டி-சீஸை (மரை இறுகாமல் தடுக்கும் பசை) மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் ஒரு துளி பட்டாலும் கெடுதல். முதலில் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்சில் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி. அருகில் எங்காவது சிலிக்கான் சீலன்ட் போடும் வேலை இருந்தால் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மற்றவை விடும் ஆவி புது சென்சாரை முதல் வாரத்திலேயே குருடாக்கும்.

வி-6 போல இரண்டு வரிசை உள்ள எஞ்சினில் ஒரு முன் சென்சார் வயதாகிப் போயிருந்தால் மறுபக்கத்து முன் சென்சாரையும் சேர்த்து மாற்றிவிடுவேன், இரண்டும் ஒரே தூரம் ஓடியவை. நன்றாக இருக்கும் பின் சென்சார்களை "கையோடு மாத்திடலாம் சார்" என்றால் தலையாட்ட மாட்டேன்.

கழட்டிய பழைய சென்சாரைக் குப்பையில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பாருங்கள். வெளிர் சாம்பல், பழுப்பு என்றால் வயதுதான் காரணம், நிம்மதியாகப் புதியதைப் போடலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பு என்றால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. தூளாக உதிரும் கரி என்றால் ரிச்சாக ஓடியிருக்கிறது. வெள்ளைப் பொருக்கு என்றால் சிலிக்கான் சீலன்ட், அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசியும் கூலன்ட். ரேடியேட்டரில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தக் கடைசி மூன்றில் எதுவாக இருந்தாலும் புது சென்சாரைப் பெட்டியிலேயே வைத்திருங்கள், முதல் வேலை அங்கே இருக்கிறது.